ஒரே தெருவில் ஐந்து பேர்: தண்ணீரா, சொந்தமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். பாலக்கோடு பக்கம் உங்கள் ஊர். உங்கள் ஒரு தெருவில் மட்டும் ஐந்து மாற்றுத்திறனாளிகள். ஒரு கால் சூம்பிப்போன ஐம்பத்தைந்து வயது மாமா, முதுகு விறைத்துப்போன பாட்டி, பிறந்ததிலிருந்தே காது கேட்காத பெண், புளியமரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன இளைஞர், ஒரு வயது ஆகியும் தலை நிற்காத குழந்தை. ஊர்ப் பெரியவர்கள் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். பள்ளிக்கூட டீச்சர் சொந்தத்தில் கட்டுவதால்தான் என்கிறார். அரசுக் கணக்கோ நூற்றுக்கு இரண்டு பேர்தான் என்கிறது. இதில் யார் சொல்வது உண்மை என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் "எங்கள் மண்ணே இப்படித்தானா?" என்று முடித்திருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கு என் பதில்: இல்லை. ஐந்து பேருக்கும் ஐந்து வெவ்வேறு காரணம். அதில் ஒன்றுதான் மண்ணோடு சம்பந்தப்பட்டது.

நான் பிசியோதெரபிஸ்ட். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் முகாம், வீட்டுச் சிகிச்சை என்று பத்தொன்பது வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். மரபணு மருத்துவம் படித்தவன் இல்லை, நிலத்தடி நீர் நிபுணரும் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னிடம் வருபவர்கள் எல்லோருமே ஏற்கெனவே முடியாமல் போனவர்கள். அதனால் நான் பார்த்ததை வைத்து மாவட்டத்தில் இத்தனை சதவீதம் என்று சொன்னால் அது தப்புக்கணக்கு. காரணங்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் தைரியமாகப் பேச முடியும். ஒருவரைப் பார்த்ததும் என்ன குறை என்று கேட்பதற்கு முன்னால் எந்த வருஷம் பிறந்தீர்கள் என்று கேட்பது என் பழக்கம். பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

உங்கள் மாமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970-ஐ ஒட்டிப் பிறந்தவர், ஒரு கால் மட்டும் சூம்பியிருக்கிறது, தொட்டால் உணர்வு இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் இளம்பிள்ளை வாதம், அதாவது போலியோ. தடுப்பூசித் திட்டம் 1978-ல் தொடங்கினாலும் மாவட்டம் மாவட்டமாக விரிந்தது 1985-க்குப் பிறகுதான். அந்த வயதுக்காரர்களின் அம்மாக்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: "காய்ச்சல்னு ஊசி போட்டாங்க, மறுநாள் கால் விழுந்துடுச்சு." அது வெறும் பேச்சு இல்லை. போலியோ கிருமி உடம்பில் இருக்கும் நேரத்தில் தசையில் ஊசி போட்டால் அந்தக் காலிலேயே வாதம் வர வாய்ப்பு கூடும் என்பது நிரூபணமான விஷயம். இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார், 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. உங்கள் மாமாவுக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள்: இத்தனை வருஷம் கழித்து நல்ல காலிலும் சோர்வு, புதிய பலவீனம் வந்தால் வயசுக் கோளாறு என்று விட்டுவிட வேண்டாம். போலியோ வந்தவர்களுக்குப் பல வருஷம் கழித்து அப்படி வருவதுண்டு. அதற்கு ஓய்வும், அளவான பயிற்சியும், எடை குறைந்த காலிப்பரும் (காலைத் தாங்கிப் பிடிக்கும் கருவி) உதவும்.

பாட்டி விஷயத்தில் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது சரியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இது நம் பகுதிக்கே உரிய பிரச்சனை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் ஊர் கிரானைட், நைஸ் வகைப் பாறைகளில் ஃப்ளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன. தண்ணீர் அந்தப் பாறை இடுக்கில் எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவு ஃப்ளோரைடு கரையும். திறந்த கிணறுகள் வற்றி, ஆழ்துளைக் கிணறுகள் ஆழமாகப் போகப் போக, நாம் குடித்தது அந்தப் பழைய தண்ணீரை. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை சரி, வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீர் முதலில் பல்லில் தெரியும், பிறகு எலும்பில் ஏறும். 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியில் ஃப்ளோரோசிஸ் எனப்படும் இந்த நோயை மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். நம் பக்கத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது 2013-ல். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் என்ற சொல் இருக்கிறது.

பல் கறையில் ஒரு சூட்சுமம் உண்டு. நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீர்தான் கறையாக வரும். அதற்குப் பிறகு எவ்வளவு குடித்தாலும் பல்லில் அந்தக் கறை வராது. அதனால் ஒருவரின் பல்லைப் பார்த்தால் அவர் சின்ன வயதில் எந்த ஊர்த் தண்ணீர் குடித்தார் என்று ஓரளவு ஊகிக்கலாம். வெளியூரிலிருந்து கல்யாணம் ஆகி வந்தவர்களுக்குப் பல் வெள்ளையாகவே இருக்கும், ஆனால் இருபது முப்பது வருஷத்தில் முதுகு விறைத்துவிடும். பல்லைப் பார்த்து நோய் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பென்னாகரம் பக்கம் ஒரு முகாமில் பார்த்த பெரியம்மாவை என்னால் மறக்க முடியவில்லை. பின்னால் நின்று "பெரியம்மா" என்று கூப்பிட்டேன். கழுத்தைத் திருப்பாமல், நின்ற இடத்திலேயே சின்னச் சின்ன அடியாக வைத்து முழு உடம்பையும் திருப்பித்தான் என்னைப் பார்த்தார். முகாமில் நாங்கள் மூன்று சோதனை செய்வோம். தரையில் ஒரு நாணயத்தைப் போட்டு முட்டி மடக்காமல் குனிந்து எடுக்கச் சொல்வோம், முகவாய்க்கட்டையால் நெஞ்சைத் தொடச் சொல்வோம், இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி மடக்கிப் பிடரியைத் தொடச் சொல்வோம். பெரியம்மாவால் மூன்றும் முடியவில்லை. நாணயத்தை நானே எடுத்துக் கொடுத்ததும், "தலை சீவிக்க மருமவ கைதான் சாமி, பத்து வருஷமாச்சு" என்றார். முதுகெலும்பைக் கட்டியிருக்கும் நார்களே எலும்பாக மாறிவிடும் நிலை இது. முற்றினால் தண்டுவட நரம்பை நெரித்து காலே விழுந்துவிடும். மாறிய எலும்பைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை. ஆனால் நல்ல தண்ணீருக்கு மாறினால் வலி குறைவதையும், மேலும் விறைக்காமல் நிற்பதையும் நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

இங்கே சந்தேகத்துக்குரியதையும் சொல்லிவிட வேண்டும். நம் பக்கம் முட்டி வலித்தால் உடனே தண்ணீர் மேல் பழி போடுகிறார்கள். அறுபது வயதில், நாற்பது வருஷம் குடமும் விறகும் சுமந்த முட்டி, தண்ணீர் நல்லதாக இருந்தாலும் தேயும். இரண்டையும் பிரித்துப் பார்க்க முன்கை எக்ஸ்ரே உதவும். இரண்டு எலும்புக்கும் நடுவில் உள்ள சவ்வு சுண்ணாம்பு படிந்து தெரிந்தால் அது ஃப்ளோரைடு. அது இல்லாமல் முட்டி மட்டும் தேய்ந்திருந்தால் அது வேறு. அதேபோல, அதிக ஃப்ளோரைடு குழந்தைகளின் அறிவுத்திறனைக் குறைக்கிறதா என்ற கேள்வியில் ஆய்வுகள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. ஆகவே ஊரில் படிப்பு வராத பிள்ளைக்கெல்லாம் தண்ணீரைக் காரணம் சொல்ல வேண்டாம். சாப்பாட்டில் சுண்ணாம்புச்சத்து குறைந்தால் ஃப்ளோரைடின் பாதிப்பு கூடும், குழந்தைகளுக்குக் கால் வளையும் என்பது உறுதி. களி தின்று வளர்ந்தவர்கள் நாம். ராகியில் உள்ள அளவு சுண்ணாம்புச்சத்து அரிசியில் இல்லை. ரேஷன் அரிசி வந்த பிறகு பல வீடுகளில் களிப்பானையே காணவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். அப்புறம், தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, ஆவியான அளவுக்கு மீதித் தண்ணீரில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் போர்வெல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காது கேட்காத பெண் விஷயத்தில் டீச்சர் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது, ஆனால் அவர் சொல்லும் அளவுக்கு இல்லை. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 சதவீதம் பேர் சொந்தத்தில் கட்டியவர்கள். நாட்டிலேயே இது உயர்ந்த அளவு. நம் பக்கம் அத்தை மகன், மாமன் மகன் மட்டுமல்ல, தாய்மாமனுக்கே கட்டிக்கொடுப்பதும் உண்டு, அதில் இரத்த நெருக்கம் இரட்டிப்பு. பிறவிக் காதுகேளாமையில் ஒரு பெரும் பகுதி, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்ந்தால் மட்டும் வருவது. ஆனால் எண்ணிக்கையையும் பாருங்கள். எந்தத் தம்பதிக்கும் பிறவிக்குறையோடு குழந்தை பிறக்க நூற்றுக்கு இரண்டு மூன்று வாய்ப்பு இருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டினால் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதாவது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. ஊர் நம்பாமல் போவதற்கும் அதுதான் காரணம். "எங்க தாத்தா பாட்டி கட்டலையா, நாங்க நல்லா இல்லையா?" என்று கேட்கிறார்கள். மூன்று தலைமுறை தொடர்ந்து அதே குடும்பத்துக்குள் கட்டும்போதும், வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்குக் குறை இருக்கும்போதும் ஆபத்து இதைவிட அதிகம். அந்த வீடுகள் அடுத்த கல்யாணத்துக்கு முன் மரபணு ஆலோசனை கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தக் குறிப்பிட்ட பெண்ணுக்குக் காது கேட்காமல் போனது சொந்தத்தில் கட்டியதால்தானா என்று பரிசோதனை இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. கர்ப்பத்தில் அம்மாவுக்கு ரூபெல்லா என்ற அம்மை வகைக் காய்ச்சல் வந்திருக்கலாம். தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் பெரிய அளவில் நடந்ததே 2017-ல்தான். கடும் மஞ்சள் காமாலை, எடை குறைந்த பிரசவம், மூளைக்காய்ச்சல் எல்லாமே காதைக் கெடுக்கும். அந்த அம்மாவிடம் போய் "சொந்தத்துல கட்டினே, அதான்" என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவரைக் கட்டிக்கொடுத்தபோது அவருக்கு வயது பதினேழோ பதினெட்டோ இருந்திருக்கும், அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மரத்திலிருந்து விழுந்த தம்பிக்கு வருகிறேன். மாசி, பங்குனி மாதங்களில் நம் இரண்டு மாவட்டங்களிலும் புளி உலுக்கும் காலம். அதுதான் எனக்கு முதுகுத்தண்டு உடைந்தவர்கள் வரும் காலமும். அஞ்செட்டிப் பக்கம் ஒருவர், முப்பது வயதுகூட இருக்காது. விழுந்ததும் நான்கு பேர் கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகத் தூக்கி ஷேர் ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஆனால் உடைந்த முதுகெலும்பு மடங்கும்போதுதான் மீதி நரம்பும் நசுங்குகிறது. பலகையிலோ கதவிலோ கட்டிலிலோ அசையாமல் படுக்கவைத்து 108-க்குக் காத்திருந்தால் கால் பிழைத்திருக்குமா? அவர் விஷயத்தில் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, விழுந்த வேகத்திலேயே நரம்பு அறுந்திருக்கலாம். ஆனால் அப்படித் தூக்கக் கூடாது என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

நான் அவரைப் பார்த்தபோது மூன்று வாரம் ஆகியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும் என்று வீட்டுக்காரர்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. வால் எலும்பு மேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அவர் மனைவி செல்போனில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு அலாரம் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க எழுந்து புரட்டினார். கூட ஆள் இல்லாதபோது பழைய சேலையை முறுக்கிக் கட்டில் விட்டத்தில் கட்டிக்கொடுத்தோம், அதைப் பிடித்து அவரே பாதி திரும்பினார். ஐந்து மாதத்தில் புண் ஆறியது. தண்டுவடம் அடிபட்டவர்கள் இறப்பது பெரும்பாலும் தண்டுவடத்தால் அல்ல, படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும்தான். உங்கள் தெருத் தம்பியின் வீட்டில் யாராவது தினமும் அவர் முதுகையும் குதிகாலையும் பார்க்கிறார்களா என்று தயவுசெய்து கேளுங்கள். சிவந்திருந்தாலே எச்சரிக்கை.

உங்கள் தெருவில் இல்லாத மற்ற காரணங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொப்பூர் கணவாயிலும் பெங்களூரு நெடுஞ்சாலையிலும் நடக்கும் விபத்துகள், ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைகளில் தகடு அழுத்தும் பவர் பிரஸ் இயந்திரத்தில் போகும் விரல்கள், கட்டட வேலைக்குப் பெங்களூரு போய்ச் சாரத்திலிருந்து விழுபவர்கள். இவர்களில் பெரும்பாலோர் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட ஆண்கள். ஐம்பதைத் தாண்டினால் ரத்த அழுத்தத்தால் வரும் பக்கவாதமும், சர்க்கரையால் வெட்டி எடுக்கும் காலும். நான் வேலைக்கு வந்த புதிதில் போலியோ காலிப்பர் அளவெடுப்பதுதான் பெரிய வேலை. இப்போது வீட்டுக்கு வீடு பக்கவாதம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள் என்பது இந்தக் கணக்கில் சின்ன விஷயம் இல்லை.

இனி எண்ணிக்கை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், அதாவது 2.21 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் உலக மக்களில் 16 சதவீதம் என்கிறது. இரண்டும் பொய் இல்லை, கேட்ட கேள்விதான் வேறு. "வீட்டில் ஊனமுற்றவர் யாராவது இருக்கிறார்களா?" என்று வாசலில் நின்று கேட்டால், கண் தெரியாத அம்மாவை உள்ளே உட்காரவைத்துக்கொண்டே "இல்லைங்க, அம்மாவுக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்பார்கள். "கண்ணாடி போட்டும் பார்ப்பதில் சிரமம் இருக்கிறதா? நடப்பதில், படி ஏறுவதில் சிரமம் இருக்கிறதா?" என்று கேட்டால் அதே வீட்டில் இரண்டு பேர் கணக்கில் வருவார்கள்.

இதற்கு நம் மாநிலத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2001-ல் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 16.42 லட்சம். பத்து வருஷம் கழித்து 11.79 லட்சம். நாடு முழுக்கக் கூடியபோது இங்கே ஏறக்குறைய நாலரை லட்சத்துக்கு மேல் குறைந்தது. பார்வைக் குறைபாடு என்ற ஒரு பிரிவு மட்டும் 9.64 லட்சத்திலிருந்து 1.27 லட்சமாக இறங்கியதுதான் காரணம். 2001-ல் ஒரு கண் மட்டும் தெரிபவரையும், கண்ணாடி போட்டால் சரியாகுமா என்று சோதித்தே பார்க்காத மங்கல் பார்வைக்காரரையும்கூடச் சேர்த்தார்கள், 2011-ல் வரையறையை மாற்றினார்கள். கண்புரை அறுவைச் சிகிச்சைகளும் கொஞ்சம் குறைத்திருக்கும், ஆனால் பெரும் பங்கு அந்தக் கேள்வித்தாளுடையது என்றே நினைக்கிறேன். 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, 2016 சட்டத்தில் 21. சட்டம் மாறினாலும் எண்ணிக்கை மாறும். 21 வகை ஆன பிறகும் நாணயத்தை எடுக்க முடியாத அந்தப் பெரியம்மாவின் நோய் அந்தப் பெயரில் அதில் இல்லை. நடக்கவோ கை தூக்கவோ முடியாத அளவை வைத்து, 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவர் சான்று கொடுத்தால் மட்டுமே அவருக்கு உதவித்தொகைக்கு வழி.

பெண்கள் கணக்கில் குறைவாக இருப்பதையும் கவனியுங்கள். 2011-ல் ஆண்கள் 1.5 கோடி, பெண்கள் 1.18 கோடி. மரம், சாலை, பிரஸ் என்று ஆண்களுக்கு அடி அதிகம், அது ஒரு காரணம். ஆனால் வீட்டுக்குள் முடங்கிய பெண்ணை முகாமுக்குத் தூக்கிக்கொண்டு வருவது குறைவு என்பதை நான் ஒவ்வொரு முகாமிலும் பார்க்கிறேன். மகனுக்கு அடையாள அட்டை வாங்க நாலு முறை அலைந்த அப்பா, மகளுக்கு அட்டை எடுத்தால் வரன் வராது என்று மறைக்கிறார். உங்கள் தெருவில் ஐந்து என்று எண்ணினீர்களே, பூட்டிய அறைக்குள் ஆறாவதாக யாரும் இல்லை என்று உறுதியாகத் தெரியுமா?

கடைசியாக அந்தக் குழந்தை. மற்ற நால்வருக்கும் காரணம் என்ன என்று நிதானமாகப் பேசலாம், இந்தக் குழந்தைக்கு நாள் போகக் கூடாது. மூன்று நான்கு மாதத்தில் தலை நிற்க வேண்டும். ஒரு வயதில் நிற்கவில்லை என்றால் பிறந்த நேரத்தில் மூளைக்குப் பிராணவாயு குறைந்தது, குறைமாதம், அளவு மீறிய காமாலை என்று பல காரணம் இருக்கலாம். "எங்க வீட்டுல எல்லாம் லேட்டாத்தான் நடப்பாங்க" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, இந்த வாரமே கூட்டிப்போகச் சொல்லுங்கள். பயிற்சி முதல் இரண்டு வயதுக்குள் தொடங்கினால் கிடைக்கும் பலன் பிறகு கிடைப்பதில்லை. அதுவரை படுக்கவைத்துப் பால் ஊட்ட வேண்டாம், புரை ஏறி நுரையீரலுக்குப் போகும். மடியில் தலையும் முதுகும் தாங்கி, நிமிர்த்தி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டட்டும். போகும்போது பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துப் போகட்டும். பிறந்ததும் அழுததா, எத்தனை கிலோ, எத்தனை நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள்.